நாற்பத்தொரு அம்புகள்

ஜூன் 2
இனி வேதாகமத்தை நானே தனியாகப் படிப்பதாக முடிவு. வியாழக்கிழமைக் கூட்டத்தை நம்பிப் பயனில்லை. போதகர் பேசும்போது எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள்; எந்த அதிகாரம் என்று கேட்டால் மின்விசிறியைப் பார்க்கிறார்கள்.

படிக்கும் முறையும் என்னுடையது. ஆடை ஆலையில் பதினாறு வருடமாகத் தரம் பார்க்கிறேன். பழுது கண்ட இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். முனை பழுதின் மேலேயே இருக்க வேண்டும். ஒரு விரல் தள்ளிப்போனால் தையல்காரி நல்ல தையலைப் பிரித்துத் தொலைப்பாள். அந்த அம்புகளில் ஓர் அட்டை கேட்டு வாங்கி வந்தேன். எந்த வசனம் யாருக்குத் தேவையோ அவர் பெயர் எழுதி ஒட்டுகிறேன்.

ஜூன் 9
புறங்கூறுதல்: பாட்டுக்குழுத் தலைவி. பெருமை: அவளேதான், வேறு யார்?

ஜூன் 14
சபையில் தம்பி! அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் எட்டிப் பார்க்காதவன். அடக்கத்துக்குக்கூட வரவில்லை, எங்கோ குடித்துக் கிடந்தான். இப்போது மனம் திரும்பிவிட்டானாம். முன்வரிசையில் கண்ணை மூடிப் பாடுகிறான். என்ன பக்தி! வாசலில் "அக்கா" என்றான். எனக்குக் காது கேட்கவில்லை.

போதகர் விடவில்லை. "சபைக் கிடங்குலதான் படுத்திருக்கான்மா. உங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாதானே இருக்கு?"

அம்மாவின் அறை. சும்மா இருக்கிறதாம்! யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை.

ஜூன் 20
இன்று மட்டும் தம்பிக்கு ஒன்பது அம்பு. குடி, பொய், தாயை மதியாமை. வேதம் இவ்வளவு தெளிவாக எனக்கு என்றுமே புரிந்ததில்லை.

ஜூன் 27
சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகன் கதை. காசெல்லாம் தீர்ந்து அவன் பன்றி மேய்க்கும் வரிக்குப் பக்கத்தில் தம்பியை ஒட்டினேன். ஆனால் திரும்பி வந்தவனுக்குத் தகப்பன் விருந்து வைத்ததும் மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நின்றதில் என்ன தப்பு? வீட்டைப் பார்த்துக்கொண்டவன் அவன்தானே? அந்த வரிக்கு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு முறை படித்துவிட்டு மூடிவிட்டேன்.

ஜூலை 2
வேதாகமத்தைச் சபையிலேயே மறந்து வந்துவிட்டேன். அங்கே கூட்டிப் பெருக்குவது இப்போது தம்பி!

ஜூலை 3
காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கதவைத் தட்டினான். என் வேதாகமத்தை நெஞ்சோடு பிடித்திருந்தான். முகமெல்லாம் கண்ணீர். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான், வரட்டும். பதில் தயாராக வைத்திருந்தேன்.

"எண்ணிப் பாத்தேன்க்கா. நாப்பத்தொரு எடத்துல என்னை எழுதியிருக்கே. இத்தனை வசனத்தையும் வச்சு எனக்காக ஜெபம் பண்ணினியா?"

மடையன்! எந்தெந்த வசனம் என்று பார்க்கவுமா தெரியாது?

"அதான் என்னால குடிய விட முடிஞ்சிருக்கு," என்கிறான்.

இல்லடா, அது பழுது காட்டுற அம்புடா. சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. "ஆமா"ன்னுட்டேன். வேதாகமத்தைக் கையில வாங்கிக்கிட்டே பச்சைப் பொய்!

அதற்குப் பிறகு உள்ளே வா என்று சொல்லாமல் எப்படி இருப்பது?

ஜூலை 5
அம்மாவின் கட்டிலில் படுக்க மாட்டானாம். "எனக்கு அந்தத் தகுதி இல்லக்கா." தரையில் பாய். நாடகம் என்று நினைத்தேன். இன்னமும் கொஞ்சம் நினைக்கிறேன்.

ஜூலை 11
"இன்னிக்கு எந்த அம்புக்கா?" தினமும் கேட்கிறான். சொன்ன பொய்யை மெய்யாக்கித் தொலைக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஓர் அம்பு, ஒரு ஜெபம். முதல் நாள் அவன் பெயரைச் சொல்ல நாக்கே எழவில்லை.

ஜூலை 12
எனக்குப் போடும் டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறான்.

ஜூலை 19
பொறாமை பற்றிய வசனம். பாட்டுக்குழுத் தலைவி பெயரை எழுதப் போனேன். எழுதவில்லை.

ஜூலை 26
அட்டையில் ஓர் அம்பு குறைந்தது. தேடினேன். அந்த இளைய மகன் கதையில், தூரத்திலேயே பார்த்து ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளும் தகப்பனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. கோணல் எழுத்தில் "அக்கா".

தப்பான இடம். பதினாறு வருடமாக இதே வேலை, எனக்குத் தெரியாதா? நகத்தால் முனையைக் கிளப்பினேன். பிறகு அழுத்தி ஒட்டிவிட்டேன்.

இன்னொரு அம்பு எடுத்து என் பெயரை எழுதி, கீழே, வெளியே நிற்கும் மூத்தவன் மேல் வைத்தேன். முனை சரியாக உட்கார்ந்தது.

"டீ ஆறுதுக்கா," என்றான். போய்க் குடித்தேன். சர்க்கரை அதிகம். ஒன்றும் சொல்லவில்லை.