கயிறு பிடித்தவளின் பங்கு

அன்புள்ள அப்பாவுக்கு லிஜியின் தோத்திரம். தோள்வலி குறைந்ததா? நான் சுகம். போனில் நீங்கள் "ஆங், ஆங்" என்று மட்டும் சொல்வதால் எழுதுகிறேன். அண்ணி வாசித்துக் காட்டட்டும்.

நான் இப்போது சவுதியில், அல் கோபாரில் இல்லை. நான் பார்த்துக்கொள்ளும் பெரிய மேடத்தின் குடும்பம் துருக்கியில் அந்தால்யா என்ற ஊருக்குக் காற்று வாங்க வந்திருக்கிறது, கூடவே நானும். பழைய ராஜாக்கள் கட்டிய கோட்டைமதில் கடல்வரை இறங்கி நிற்கிறது. வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து வெயிலில் கிடக்கிறார்கள், அப்பா!

நேற்று மேடத்தைச் சக்கர நாற்காலியில் மதிலடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இரண்டு பேர் ஒரு சின்னப் படகைக் கரையேற்றப் பாடுபட்டார்கள். கரையில் நின்று இழுக்கும் உங்கள் கரமடி வலைக்குக் கைகொடுத்து வளர்ந்தவள் அல்லவா? நாற்காலிக்கு பிரேக் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். செருப்பு நனைந்த பிறகுதான் டூட்டியில் இருப்பது உறைத்தது. திட்டு விழும் என்று திரும்பினால், மேடம் "லிஜி நர்ஸ் மாஃபி!", லிஜி நர்ஸே இல்லை என்று கைதட்டிச் சிரிக்கிறார். படகுக்காரர் இரண்டு மீனைக் கவரில் போட்டுத் தந்தார், நம் கரையில் இழுத்தவர்களுக்குக் கறிமீன் கொடுப்பதுபோலவே.

ஓட்டலில் சமைக்க இடமில்லை. பூனைகளுக்கு வைத்தேன். அவை தின்று முடிக்கும்வரை நின்றேன்.

ஊருக்கு வந்திருக்கும் என் ரூம்மேட் சுகிர்தராணி லீவு முடிந்து கோபார் திரும்பும்போது நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். வாடை வராமல் கட்டச் சொல்லுங்கள்.

மேடம் "யல்லா", கிளம்பு என்கிறார். இனி கரமடி இழுக்கும் அன்று என் பங்குக்கும் ஒரு மீன் கேட்டு வாங்குங்கள். கயிறு பிடித்தது எந்தக் கரையில் என்றா கேட்கப்போகிறார்கள்?

லிஜி