கடைசியாக வெளியே வந்தவர்

மதினி,

போன ஞாயிற்றுக்கிழமை காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஃபோனில் ஒரு செய்தி வந்தது. நம் தொடரில் படம் தொலைந்து சத்தம் மட்டும் மிஞ்சிய அந்தச் சுரங்கக் கதை கிடைத்துவிட்டதாம். யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், பழைய பெட்டிக்குள் அதன் பிரதி ஒன்று படச்சுருளாக இருந்திருக்கிறது. இணையத்தில் போட்டிருந்தார்கள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து பார்த்தேன். எதிரே கிட்டங்கியில் மிளகாய் வத்தல் லோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். நெடியில் தும்மித் தும்மிப் பார்த்தேன்.

நீங்கள் சொன்னது தப்பு, மதினி. நம் கதாநாயகர் சுரங்கத்திலிருந்து கடைசியாக வரவில்லை. முதல் ஆளாக, கையை வீசிக்கொண்டு வருகிறார். இரும்புக் கதவு என்று நாம் நினைத்தது அட்டை. பாறை ஆடுகிறது. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. ஆனால் அன்றைக்குச் சாத்தூர் மண்டபத்தில் இருந்தவர்களிடம் போய் இதைச் சொன்னால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கே மனசு வரவில்லை.

தீபாவளி சீசனுக்கு முந்தின அவசர ஆர்டரில்தான் பட்டாசு ஆலையில் நீங்கள் வேலை பார்த்த அறை வெடித்தது. உயிர் பிழைத்தீர்கள், இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். சொந்தக்காரர்கள் வந்து அழுதார்கள். அழுவது யாரென்றுகூட நீங்கள் கேட்கவில்லை. அண்ணன் சோற்றைப் பிசைந்து கையில் தந்தால் சாப்பிடுவீர்கள், அவ்வளவுதான்.

நான் அப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டி லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். விடுமுறை நாளில் கம்ப்யூட்டரில் அந்த பிரிட்டிஷ் தொடரை முதலிலிருந்து மறுபடி பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். காலத்துக்குள் ஊர் சுற்றுகிற ஒரு மனிதர். சாகிற நேரம் வந்தால் வேறு முகத்தோடு எழுந்துவிடுவார். எத்தனையோ வருடமாக ஓடுகிற தொடர். ஒரு மத்தியானம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நின்றீர்கள்.

"அது என்ன சத்தம், முத்து?"

"வண்டி, மதினி. காலத்துக்குள்ள போற வண்டி. வந்து எறங்குது."

"லோடு லாரி மேடு ஏற முடியாம முக்குற மாதிரில்லா இருக்கு. இதுலயா அம்புட்டு தூரம் போறாரு?"

வீட்டுக்கு வந்தபிறகு நீங்களாகக் கேட்ட முதல் கேள்வி அது. அடுக்களையில் அண்ணன் கரண்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நான் தமிழில் சொல்வேன். உங்களிடம் கதை சொல்வது லேசுப்பட்ட வேலையா? "பச்சைன்னா எந்தப் பச்சை? பாசியா, வாழை இலையா?" என்பீர்கள். "பூதம் வருது மதினி, ஆனா ரப்பர் சட்டைன்னு நல்லாத் தெரியுது" என்றால், "அதை எதுக்குச் சொல்லுத? எனக்குப் பூதம் போதும்" என்பீர்கள்.

பிறகு அந்தச் சுரங்கக் கதை வந்தது. அந்தக் காலத்தில் பழைய டேப்புகளை அழித்துவிட்டு மறுபடி உபயோகித்துவிட்டார்களாம். டி.வி.யில் ஓடியபோது யாரோ தங்கள் வீட்டில் பதிந்துவைத்த சத்தம் மட்டும்தான் மிச்சம். ஒரு கிரகத்தின் சுரங்கத்துக்குள் தொழிலாளிகள் சிக்கிக்கொள்கிறார்கள். காற்று குறைந்துகொண்டே போகிறது. அவர் வந்து கூட்டிப் போகிறார். கடைசியில் பேச்சே கிடையாது. காலடியும் மூச்சும் கதவும்தான். நான் ஊகமாக, "அவரு முன்னால நடக்காரு" என்று ஆரம்பித்தேன்.

"இல்ல. எல்லாரையும் வெளிய தள்ளிவிட்டுட்டுக் கடைசியாத்தான் வாராரு."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன்.

சாத்தூரில் ஒரு வாசகர் வட்டத்தில் இந்தத் தொடரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். என்னைவிட என் மதினி நன்றாகச் சொல்வார், அந்தச் சுரங்கக் கதையை அவர் சொல்லட்டும் என்றேன். உங்கள் விவரம் கேட்டுவிட்டு அமைப்பாளர், "பாவம், வரட்டும்மா. அஞ்சு நிமிசம் பேசச் சொல்லி, ஒரு சால்வையைப் போத்தி அனுப்பிருவோம்" என்றார். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது, நீங்களும் கேட்டீர்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. போகவே வேண்டாம் என்றேன்.

"ஏன் வேண்டாம்? சால்வையையும் வாங்குவோம், கதையையும் சொல்லுவோம்" என்றீர்கள்.

மண்டபத்தில் மைக்கைப் பிடித்ததும் விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னீர்கள். சன்னலையும் சாத்தச் சொன்னீர்கள். "இப்ப எல்லாரும் என்னைய மாதிரிதான் இருக்கீக. பயப்படாதீக, நான் கூட்டிட்டுப் போறேன்."

நான் அந்தச் சத்தத்தை ஓடவிட்டேன். நீங்கள் கூடவே சொன்னீர்கள். காற்று குறைய ஆரம்பித்தபோது எனக்கே மூச்சு முட்டியது. ஒவ்வொருவராக வாசலுக்குத் தள்ளினீர்கள். "ம், போ. திரும்பிப் பாக்காத. போ." கடைசியாக அவர் வெளியே வந்து மூச்சை இழுத்தபோது மண்டபமே சேர்ந்து இழுத்தது.

விளக்கைப் போட்டார்கள். கைதட்டல் வருமுன் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். வேலைக்குப் போய்விட்டு நேராக வந்திருப்பார் போல. நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் கறுப்பு.

"இது வேற கிரகத்துக் கதையில்ல. அந்த வெடிச்ச அறையில இருந்தவ நான். என்னையும் இன்னொரு புள்ளையையும் வெளிய தள்ளிவிட்டது இவகதான். இவக கடைசியா வந்தாக."

நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடம்கூட. முன்வரிசையில் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நீங்கள் குரல் வந்த பக்கம் திரும்பி, "யாரு, மாரியம்மாவா? வேலைக்குப் போறியா? நல்லாருக்கியா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு எழுந்த கைதட்டலை நான் இன்றுவரை வேறெங்கும் கேட்கவில்லை. ஆட்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்கள்.

அமைப்பாளர் சால்வையோடு வந்தார். அதுவரை வெளியாட்கள் உங்களைப் பற்றிய எதையும் அண்ணனிடமோ என்னிடமோதான் கேட்பார்கள். அவர் உங்கள் முன்னால் குனிந்து உங்களிடமே கேட்டார்: "அடுத்த மாசமும் வருவீகளாம்மா?"

"அஞ்சு நிமிசம்னா வரமாட்டேன்."

மண்டபம் சிரித்து அடங்க வெகு நேரம் ஆனது. அவரும் சேர்ந்து சிரித்தார், காது சிவக்க.

திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோரம் உங்களுக்கு. காற்று முகத்தில் அடிக்க, "இன்னும் எம்புட்டு கதை இப்படித் தொலைஞ்சு கெடக்கு?" என்றீர்கள்.

"நெறைய இருக்கு, மதினி."

"அம்புட்டையும் சொல்லி முடிச்சிரணும்."

பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், தீப்பெட்டி செய்கிற ஆபீஸின் சாப்பாட்டு நேரம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனீர்கள். அண்ணன்தான் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வருவார். போன வருடம் ஒரு காய்ச்சல் வந்து உங்களைக் கொண்டுபோனது. கதைகள் தீர்ந்திருக்கவில்லை.

இப்போது நான் சொல்கிறேன். முதல் தடவை நடுவில் தடுமாறினேன். யோசித்துப் பார்த்து, இருட்டிலும் கண்ணை மூடிக்கொண்டேன். பச்சை எந்தப் பச்சை என்று தானாக வாயில் வந்தது. போன மாதம் விருதுநகரில் ஒரு கதையை முடித்ததும் விளக்கைப் போட ஆள் எழுந்தார். இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "கொஞ்சம் இருங்க. இன்னொரு கதை சொல்லட்டும்."

சொன்னேன், மதினி.