ஞானஸ்நானத்தன்று தொட்டு வைத்த தேன்

சந்தாபுரா
3-6-2025

அன்பு எலிசபெத்துக்கு,

இயேசுவுக்கே புகழ். ஐசியு வாசலில் போனை வாங்கி வைத்துவிடுகிறார்களாமே. அதனால் அங்கே நர்ஸாக இருக்கும் எங்கள் தெரு வீணா சிஸ்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஜோவிட்டா பால் குடித்தாளா? மூன்று மாதக் குழந்தைக்கு மலம் கட்டுவது சகஜம், டாக்டர்கள்தான் பெரிதுபண்ணுவார்கள்.

கண்விழித்து உனக்குத் தொண்டை கட்டியிருக்கும். ஜவ்வாது மலைத் தேன் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். காய்ச்சாதது, மெழுகுத் துணுக்குகூட மிதக்கும். மிளகுத்தூள் போட்டு ஒரு ஸ்பூன் சாப்பிடு. இந்த வயதுவரை நான் இருமல் மருந்து வாங்கியதில்லை. என்னை உள்ளே விடமாட்டார்களாம். தம்பி மகளை அத்தை பார்க்கக்கூடாதென்று என்ன சட்டமோ!

உன் நாத்தனார்,
லூர்துமேரி

மருத்துவமனை
5-6-2025

அன்புள்ள அண்ணி,

தேன் வந்தது. பிரிக்கவில்லை.

ஜோவிட்டாவால் இமையைத் தூக்க முடியவில்லை. கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுகிறது. அழுகிறாள், சத்தம் வரவில்லை. நேற்று மூச்சுக்கு மெஷின் வைத்துவிட்டார்கள். பெரிய டாக்டர், "ஜேனுதுப்பா கொட்டித்ரா? தேன் ஏதாவது குடுத்தீங்களாம்மா?" என்று மூன்று தடவை கேட்டார். இல்லை என்றேன். பெரியவர்களுக்கு நல்லதுதானாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு அதிலுள்ள கிருமி குடலில் வளர்ந்து விஷமாகுமாம். வீட்டில் காய்ச்சினாலும் சாகாதாம்.

ஞானஸ்நானத்தன்று அவள் நாக்கில் தேனால் சேனை தொட்டு வைக்கிறேன் என்றீர்கள். நான் வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டே பாட்டிலைப் பைக்குள் வைத்தீர்கள். அப்புறம் தொட்டு வைத்தீர்களா, அண்ணி? சண்டைக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

எலிசபெத்

சந்தாபுரா
6-6-2025

எலிசபெத்,

வைத்தேன். நீ கோயிலிலிருந்து வந்து புடவை மாற்றப் போனபோது, மோதிர விரலால் மூன்று தடவை. சப்புக்கொட்டினாள்.

சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. என்னை மாதிரி ஒருத்தி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். கோலார் தங்கவயலில் பிறந்த எங்கள் எல்லாருக்கும் வைத்ததுதான், உன் புருஷனுக்கும்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே அம்மா! டாக்டரிடம் இப்போதே சொல். தம்பி கிறிஸ்டோபரிடம் நானே சொல்கிறேன்.

லூர்துமேரி

மருத்துவமனை
7-6-2025

அண்ணி,

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அதற்கான மருந்து வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமாம். எப்போது வரும் என்று தெரியவில்லை. அதுவரை மெஷின்தான், வாரக்கணக்கில் ஆகலாம். தேறி வந்த குழந்தைகள் நிறைய உண்டு என்கிறார். ஜோவிட்டா தேறுவாள் என்று சொல்லவில்லை.

உங்கள் தம்பியிடம், தேன் வைத்தது நான்தான் என்று சொன்னேன். அம்மா போனபின் அவரை வளர்த்தது நீங்கள். உங்களையும் இழந்தால் அவர் தாங்கமாட்டார். காலையிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

நீங்கள் எதையும் சொல்லிவிடாதீர்கள். ஜெபம் பண்ணுங்கள். வேறு எதுவும் செய்யாதீர்கள்.

எலிசபெத்