கடலைப் பார்த்துக் கூப்பிடுகிறவன்

சான் கிறிஸ்டோபல் தீவு
ஆகஸ்டு 9

என் அருமை மருமகள் சொய்லாவுக்கு,

உன் ஒலெகாரியோ மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மகன் தாரியோ, என் மீன் மேசைக்கு அடியில் குடியிருக்கும் கடற்சிங்கக் குடும்பம் எல்லோரும் நலம். அங்கே உன் வீட்டுக்காரரும் கைக்குழந்தை லூஸும் நலமா? எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நான் கேட்ட கேள்விகளுக்கு வாத்தியாரால் பதில் சொல்ல முடியாமல் போனதால்தான் மூன்றாம் வகுப்போடு நின்றேன்.

தாரியோவை இந்த மாதமே அனுப்பச் சொல்கிறாய். என்ன அவசரம்? இரண்டாவது பிரசவத்துக்கு நீ குயாகிலுக்கு விமானம் ஏறியபோது அவன் பால் மறக்காத பிள்ளை. இரண்டு மாதத்தில் வருவேன் என்றாய். லூஸுக்கு நெஞ்சுச் சளி, வீட்டுக்காரருக்கு அங்கேயே வேலை என்று ஒரு வருடம் ஓடிவிட்டது. குறை சொல்லவில்லை. ஆனால் அவனைப் பால் மறக்க வைத்தது இந்தக் கைதான். வாழைக்காய் உருண்டையும் சூரை மீன் தலைச் சாறும் மூன்று நாள் கொடுத்தேன். நான்காம் நாள் என்னை நாற்காலியோடு தூக்கப் பார்த்தான்.

தூறல் காலம் வந்துவிட்டது. கடல் குளிர்ந்து மத்தி மொய்க்கிறது. மேசைக்கு அடியில் படுக்கும் தாய்க் கடற்சிங்கம் கொழுத்தம்மா குட்டி போட்டிருக்கிறாள். ஒரு வாரம் குட்டியை விட்டு அசையவில்லை. இப்போது விடிந்ததும் கடலுக்குப் போய் அந்தியில் பால் கொடுக்கத் திரும்புகிறாள். அவளுடைய முந்தைய பிள்ளை, நம் பாதிரியார் பருமனுக்கு வளர்ந்த தடியன், அவனும் வெட்கமில்லாமல் குட்டிக்குப் பக்கத்தில் படுத்துக் குடிக்கிறான். உறுமுகிறாளே தவிர விரட்ட மாட்டேன் என்கிறாள். அடுத்த தூறலுக்குள் விரட்டிவிடுவாள். பால் மறந்த குட்டி தாயைத் தேடாது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கே இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தாரியோவும் அப்படித்தான், உன்னைக் கேட்பதே இல்லை.

இன்னொரு பெருமை கேள். தினமும் அந்தியில் குட்டிகளுக்கு இரண்டு எட்டு தள்ளிக் குந்திக்கொண்டு, கடலைப் பார்த்துக் கடற்சிங்கம் மாதிரியே கத்துகிறான். படகு ஏதாவது வந்தால் குரல் இன்னும் உயரும். ஊரே நின்று பார்க்கிறது. பக்கத்து வீட்டு நார்சிசா, "இவன சர்க்கஸுல சேத்து விடேன்" என்றாள். "சர்க்கஸ்காரன்தான் இவனத் தேடி வருவான், போடி" என்றேன்.

அன்புள்ள மாமா,
ஒலெகாரியோ

குயாகில்
ஆகஸ்டு 21

அன்புள்ள மாமாவுக்கு,

லூஸுக்கு மூச்சு இப்போது சீராக இருக்கிறது. ஆனாலும் அவளைத் தூக்கிக்கொண்டு பயணம் வேண்டாம் என்கிறார் டாக்டர். இல்லையென்றால் நானே வந்திருப்பேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். மாமா, நானும் அந்தக் கரையில் பிறந்தவள். கரையேறும் தாய் கூப்பிடும் குரல் வேறு, குட்டி கத்தும் குரல் வேறு. என் பிள்ளை கத்துவது எது?

தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்துச் சுற்றுலாக்காரர்கள் கண் கலங்கினால் நம் ஊரில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம்: "அது அனாத இல்ல. அம்மா மீன் பிடிக்கப் போயிருக்கா, வந்துருவா." நான் எங்கே என்று தாரியோ முதலில் கேட்டிருப்பானே, அவனிடமும் அதையேதான் சொன்னீர்களா?

பால் மறந்த குட்டி தேடாது என்கிறீர்கள். தடியனைக் கொழுத்தம்மா இன்னும் பக்கத்தில் விடுகிறாள் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள் மாமா.

அந்த வீட்டில் நீங்கள் தனியாகிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் மேல் கோபமில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் என் முகம் அவனுக்கு மறந்துவிடும் என்கிற பயம்தான்.

உங்கள்
சொய்லா

சான் கிறிஸ்டோபல் தீவு
செப்டம்பர் 2

சொய்லாவுக்கு,

குட்டிக் குரல்தான்.

கடிதம் வந்த அன்றே அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "யாரடா கூப்பிடுற?" என்று கேட்டேன். என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "அம்மாவ. மீன் புடிச்சது போதும்னு சொல்றேன்" என்றான்.

இந்தத் தீவில் எந்த மனிதனையும் பேச்சில் மடக்கியவன் நான். அம்மா மீன் பிடிக்கப் போயிருக்கிறாள் என்று அவனிடம் சொன்னவனும் நான்தான்.

நார்சிசா வியாழக்கிழமை விமானத்தில் குயாகிலில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வருகிறாள். அவளோடு அனுப்புகிறேன். "அம்மா வேற கரையில ஏறிட்டாடா, நாமதான் போகணும்" என்று சொன்னேன். சட்டையைக்கூடப் போடாமல் வாசலில் போய் நின்றுகொண்டான். வியாழன் வர இன்னும் நாள் இருக்கிறது என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

என்னைப் பற்றி யோசிக்காதே. எனக்கு வேலை தலைக்கு மேல். அந்தியில் கரையில் சத்தம் குறையும், நிம்மதியாகக் கண்ணயரலாம்.

ஒன்று மட்டும் கேள், இது ஆராய்ச்சிக்காரர்களுக்கும் நான் சொல்லாதது. அவனைக் கண்டதும் பாய்ந்து தூக்கிவிடாதே, மிரளுவான். கொழுத்தம்மா தண்ணீரை விட்டு ஏறியதும் நின்று கூப்பிடுவாள். பதில் வரும்வரை நகர மாட்டாள். குட்டி கிட்டே வந்ததும் மூக்கோடு மூக்கு வைத்து மோந்து பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் எல்லாம். நீயும் விமான நிலையத்தில் தரையில் உட்கார்ந்துகொள். உன்னைத்தான் தெரியுமே, கரையேறும் தாயின் குரலைச் சின்ன வயதில் என்னைவிட நன்றாக எழுப்புவாய். கூப்பிடு. அவன் பதில் சொல்வான். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அவன் வந்து மோந்து பார்க்கும்வரை நீ எழுந்திருக்காதே.

மாமா
ஒலெகாரியோ