ஏரித் தண்ணியும் ஊட்டுத் தண்ணியும்

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் எஸ்டேட் ஏரியோரம் தட்டு வீசினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் தட்டை மரங்களுக்கு நடுவே வீசி, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும். யார் குறைந்த வீச்சில் முடிக்கிறாரோ அவருக்கே ஜெயம். மூன்றாவது கூடைக்கு முன்னால் நிற்கும் சில்வர் ஓக் மரத்துக்கு என்மேல் என்ன கோபமோ, இன்றும் என் தட்டு அதில்தான் போய் இடித்தது.

கூட ஆடியது விக்னேஷ். இந்த ஆட்ட மைதானத்தைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. என் மகள் ஷெர்லின் கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்கிறாள். நல்ல பையன். வேண்டுமென்றே என்னிடம் தோற்கிறானோ என்று ஒரு சந்தேகம்.

ஜனவரி 17

மஞ்சக்குட்டையிலிருந்து விக்னேஷின் அப்பா மாதையனும் அம்மா கண்ணாயியும் சம்பந்தம் பேச வீட்டுக்கு வந்தார்கள். என் மனைவி தெரசா முறுக்கும் காபியும் வைத்தாள். மாதையன் கை முறுக்குப் பக்கம் போனது. கண்ணாயி ஒரு பார்வைதான் பார்த்தார். கை மடிக்குத் திரும்பிவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க. பேச்சு முடியாம பொண்ணு ஊட்ல கை நனைக்க மாட்டமுங்க."

வழக்கம்தான். தெரசாவைப் பெண் கேட்டுப் போனபோது என் அப்பாவும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் இது வழக்கம் மட்டும்தானா? சுவரில் இருந்த மாதா படத்தையே அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தாரே. வேதக்கார வீடு என்பதாலா? யோசித்துச் சொல்வதாக எழுந்து போய்விட்டார்கள். ஷெர்லின் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எம்புள்ளைக்கு என்ன கொறச்சல்? கோபம் கோபமாக வருகிறது.

ஜனவரி 25

பதில் இல்லை. தூறல். ஆடவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

மகன் அப்படி என்ன வேலை பார்க்கிறான் என்று பார்க்க, கண்ணாயி இன்று ஏரிக்கே வந்துவிட்டார். நானும் தெரசாவும் அங்கே இருந்தோம்.

"ஏனுங்க, தட்டு வீசறதுக்கா எம்பையனுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

ஒரு தட்டை நீட்டினேன். வீசினார். என் சில்வர் ஓக்கிலேயே இடித்தது. "மரத்த நடுவுல வெச்சுக்கிட்டு என்னங்க வெளையாட்டு!" என்றார். ஏனோ அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போனது.

கடைசிக் கூடைக்கு வீசிய என் தட்டு உருண்டு ஏரிக்குள் போனது. விக்னேஷ் ஓடி வருவதற்குள் கண்ணாயி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுத் தட்டை எடுத்துவிட்டார். பின்னாலிருந்து தெரசா, "ஐயோ, கை நனைச்சுட்டீங்களே!" என்றாள்.

கண்ணாயி தன் கையைப் பார்த்தார்.

"இது ஏரித் தண்ணிங்க. உங்க ஊட்டுத் தண்ணி இல்லீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம், தட்டைச் சேலையில் துடைத்தபடி மெதுவாக: "சர்ச்சுக்குன்னு போயிட்டா அவன் எங்களுக்கு இல்லாம போயிருவானோன்னுதாங்க பயம். வேற ஒண்ணுமில்லீங்க."

"எனக்கும் எம்புள்ளைய நெனச்சு அதே பயந்தானுங்க" என்றேன். இதை இதுவரை தெரசாவிடம்கூடச் சொன்னதில்லை.

பிப்ரவரி 8

இன்றும் ஒரு தகவலும் இல்லை. விக்னேஷ் என் முகத்தைப் பார்க்காமலே ஆடினான். ஜெயித்தும்விட்டான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் வந்து நின்றார்கள். தெரசா ஒன்றும் விசேஷமாகச் சமைக்கவில்லை. ரசமும் முட்டைக்கோஸ் பொரியலும்தான்.

கண்ணாயி நேராகச் சமையலறைக்கே போனார். "கல்யாணத்த கோயிலு, சர்ச்சுன்னு ரெண்டு எடத்துலயும் பண்ணிப்புடலாமுங்க. யார் புள்ளையும் எங்கயும் போவாது. சோறு இருக்குதுங்களா? நொம்பப் பசிங்க."

தெரசாவுக்குக் கை ஓடவில்லை. ஷெர்லின்தான் பரிமாறினாள். "கண்ணு, ரசம் இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்று கண்ணாயி இரண்டு தரம் கேட்டு வாங்கினார். மாதையன் சாப்பாட்டிலிருந்து தலையே நிமிரவில்லை.

அவர்களை ஜீப் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், குண்டானில் எனக்கும் தெரசாவுக்கும் ஒரு பருக்கை இல்லை. மறுபடி உலை வைத்திருக்கிறாள். பசியோடுதான் எழுதுகிறேன். அவள் அடுப்படியில் பாடிக்கொண்டிருக்கிறாள்.