இரண்டாம் தொட்டியின் பச்சைக் கோடு

நாள் 411, காலை 6.10
மகளே, கொழுந்து, இன்றைக்கும் நூற்று இருபது பேருக்கு உப்புமா கிளறினேன். இந்தச் செவ்வாய்க் கிரகத்து மண்ணில் உன்னைப் புதைத்து ஒன்பது நாள். புதிதாகக் கட்டிய இரண்டாம் தொட்டியைக் கழுவப் போன உனக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கால் எரிகிறது என்று கத்தினாய். நிலைய அதிகாரி எழிலரசன் எழுதிய காரணம்: தாயின் சமையலில் விஷம்.

நாள் 413, மாலை 4.00
நெருப்பின் நிறத்தைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும், நீ செய்த பெட்டியை எழிலரசனின் ஆட்கள் எடுத்துப்போய்விட்டார்கள். அரிசி டப்பாவில் கிடந்த உன் நோட்டைப் பார்த்து நானே ஒன்று செய்தேன். பிஸ்கட் அட்டைப்பெட்டி. ஒரு பக்கம் இரண்டு பிளேடு, நடுவே மயிரிழை சந்து. மறுபக்கம் வெள்ளிப்பூச்சு உரித்த சிடி துண்டு. இரண்டாம் தொட்டித் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, அடியில் நின்றதைக் கம்பியில் தொட்டு நெருப்பில் காட்டினேன். பெட்டிக்குள் மஞ்சள் கோடு. தண்ணீரில்தான் விஷம் என்று காட்ட எழிலரசனை இழுத்துவந்தேன். சிரித்தான்.
"உப்பு அள்ளுன கைம்மா. நீங்க எதைத் தொட்டாலும் மஞ்சள்தான். போய் சாம்பாரைப் பாருங்க."

நாள் 414, பகல் 1.30
நகத்தை ஒட்ட வெட்டினேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஏழு முறை கை கழுவினேன். மஞ்சள் சாகும்வரை கம்பியைச் சுட்டேன். மறுபடி அந்தத் தொட்டி வண்டலைத் தொட்டுக் காட்டினால் ஒற்றைப் பச்சைக் கோடு. பதினோரு தடவை காட்டினேன், பதினோரு தடவையும் அதே இடம். நோட்டில் அந்த இடத்துக்கு நேரே: தாலியம், கொல்லும். சீப்பிலிருந்த உன் முடியை எரித்தேன். அதே பச்சை. சமையலறைக்கு வரும் முதல் தொட்டித் தண்ணீரில் அது இல்லை.
என் சமையல் இல்லைடி.

நாள் 415, காலை 9.20
பத்து மணிக்கு இரண்டாம் தொட்டியை எல்லா வீட்டுக்கும் திறக்கிறார்கள். எழிலரசன் பெட்டிக்குள் பார்க்கவே மறுத்துவிட்டான். வால்வு அறைக்குள் புகுந்து தாழிட்டேன். வால்வின் கைப்பிடியை அடித்து உடைத்தேன்.

காலை 9.50
எல்லா வீட்டிலும் கேட்கும் ஸ்பீக்கரில் அவன்: "செங்கமலம்மா, கதவைத் திறங்க. இல்லேன்னா காத்தை நிறுத்திடுவேன்."
நான், இந்த அறை மைக்கில்: "மொதல்ல அந்தத் தண்ணியில ஒரு டம்ளர் குடி. எல்லாரும் பார்க்கக் குடி. திறக்குறேன்."
ஸ்பீக்கரை அணைத்தான். அறைக்கு வரும் காற்று நின்றுவிட்டது.

காலை 10.15
காற்று போதவில்லை, தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே பெண்கள் கூச்சல். அவனைத்தான் கேட்கிறார்கள், ஏன் குடிக்கவில்லை என்று.
இந்தச் சுவரில், தொட்டி கழுவும் அட்டவணைக்குக் கீழே, உன் எழுத்து. நாள் 385. பச்சைக் கோடு தெரிகிறது, எழில் சாரிடம் சொல்லியாயிற்று.
முப்பது நாளாகத் தெரியும் அவனுக்கு.
அவனிடம் சொன்னவள், ஒரே தட்டில் சாப்பிட்ட என்னிடம் ஏண்டி சொல்லவில்லை? கண் இருட்டுகிறது. அதிகம் படிக்காதவளுக்கு என்ன புரியும் என்று…