ஒரு தடவை மட்டும்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா இருக்கீங்களா?

இதை இந்தக் கடிதத்துல ஒரு தடவைதான் கேட்கணுமாம். தினமும் இருபது தடவை போன் பண்ணி இதையே கேட்டேனே, அது வெறும் பாசம் இல்லையாம், ஓசிடிங்கிற வியாதியாம். உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்கும். "நல்லாத்தான் இருக்கேன்"னு நீங்க சொன்னா அஞ்சு நிமிஷம் அடங்கும், அப்புறம் முன்னைவிடப் பெருசாக் கிளம்பும்.

தி.நகர்ல முதல்ல பார்த்த டாக்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டா சரியாயிடும்னு சொன்னார். இப்ப அடையாறுல ஒரு தெரபிஸ்ட் கிடைச்சிருக்காங்க, அவங்கதான் முழுசாக் கேட்டாங்க. பயப்படாதீங்க, வேலைக்குப் போய்ட்டுத்தான் இருக்கேன்.

யாராவது வந்தா நார்த்தங்காய் ஊறுகாய் குடுத்தனுப்புங்க. நீங்க உடுத்தின துப்பட்டி ஒண்ணும், துவைக்காம.

தபால் எடுக்கிற நேரமாச்சு, திரும்பப் படிக்காமப் போடறேன். நல்லா இருக்கேன்னு சொல்ல போன் பண்ணாதீங்க. நான் அழுது கேட்டாலும் சொல்லாதீங்க உம்மா.

உங்க மகள்
புஷ்ரா